கேள்வி என்னும் ஒரு சொல்: டச்சுத் தொலைக்காட்சியின் நெடு நேர்காணல்கள் காட்டும் பாடம்

1. முன்னுரை

தமிழில் 'கேள்' என்னும் வினையடி இருபொருள் தருவது. வினவுதலும் கேட்டலே, செவிமடுத்தலும் கேட்டலே. அதனடியாகப் பிறந்த 'கேள்வி' என்னும் பெயர்ச்சொல்லும் அவ்வாறே அமைந்துள்ளது. தேர்வுத்தாளில் அச்சிடப்பெறுவது கேள்வி. வள்ளுவப் பெருந்தகை கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துத் தனி அதிகாரம் வகுத்துப் போற்றியதும் கேள்வி. ஆசிரியரிடம் கற்றலை 'வாசித்தான்' என்னாது 'பாடம் கேட்டான்' என்றே நம் முன்னோர் வழங்கினர். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செல்வனபோல் தோன்றும் இவ்விரு செயல்களும் ஒரே சொல்லுக்குள் எவ்வாறு அடங்கின என்னும் ஐயம் என் இலக்கண வகுப்புகளில் மாணவரால் பன்முறை எழுப்பப்பட்டதுண்டு. சொல்லாராய்ச்சி நெறியில் நின்று ஏதேனும் ஒரு விடை கூறி வந்தேன். எனினும் அவ்விடை எனக்கே நிறைவளித்ததில்லை.

நிறைவான விடை கிடைத்த இடம் நான் சிறிதும் எதிர்பாராதது. நெதர்லாந்து நாட்டில் உயர்கல்வி பயின்று திரும்பிய பழைய மாணவர் ஒருவர், அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பண்பாட்டு நேர்காணல்கள் சிலவற்றின் பதிவுகளை எனக்குக் காட்டினார். ஆங்கிலத்தில் அமைந்தவற்றை நானே பின்தொடர்ந்தேன். டச்சு மொழியில் அமைந்தவற்றை அவர் இடையிடையே நிறுத்தித் தமிழில் எடுத்துரைத்தார். டச்சுக்காரர் என்றவுடன் பழவேற்காட்டுக் கல்லறைகளையும் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையையும் மட்டுமே எண்ணிப் பழகிய எனக்கு, அவர்தம் நாட்டில் இருவர் எதிரெதிரே அமர்ந்து மூன்று மணி நேரம் உரையாடுவதையும், அதனை மக்கள் இல்லத்திலிருந்து பொறுமையோடு காண்பதையும் அறிந்தபோது வியப்பே மிஞ்சிற்று. அந்நிகழ்ச்சிகளின் பின்னணி, அமைப்பு, சிறப்பு, வரம்பு ஆகியவற்றை ஆராய்ந்து, அவற்றால் தமிழ் பயிலும் மாணவர் பெறத்தக்க பாடம் யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. களமும் பின்னணியும்

நெதர்லாந்தில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1951ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் புசும் என்னும் ஊரிலிருந்து தொடங்கிற்று. ஆயினும் அதன் அமைப்புமுறை அதற்கும் கால் நூற்றாண்டு முன்னரே வானொலியில் வேரூன்றிவிட்டது. அந்நாட்டு மக்கள் நெடுங்காலம் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு கிறித்தவர், சமதர்மர், தாராளக் கருத்தினர் எனப் பிரிந்து, தத்தமக்கெனப் பள்ளிகளும் செய்தித்தாள்களும் தொழிற்சங்கங்களும் அமைத்து வாழ்ந்தனர். இப்பிரிவுகளை அவர்கள் 'தூண்கள்' என வழங்கினர். நாடு என்னும் கூரையைத் தனித்தனித் தூண்கள் சேர்ந்து தாங்குகின்றன என்பது அதன் கருத்து.

வானொலி வந்தபோது ஒவ்வொரு தூணும் தனக்கென ஓர் ஒலிபரப்புச் சங்கத்தை நிறுவிக்கொண்டது. புராட்டஸ்டண்டு கிறித்தவர்க்கு 1924இல் என்.சி.ஆர்.வி., கத்தோலிக்கர்க்கு 1925இல் கே.ஆர்.ஓ., சமதர்மர்க்கு அதே ஆண்டில் வாரா, புராட்டஸ்டண்டுகளுள் தாராளக் கருத்துடையோர்க்கு 1926இல் வி.பி.ஆர்.ஓ. என இவை தோன்றின. தொலைக்காட்சியும் இச்சங்கங்களின் கைக்கே வந்து சேர்ந்தது. 1967ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டத்திற்குப் பின், உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்து நேரம் பகிரப்பட்டது. வீட்டுக்கு வீடு திரட்டப்பட்ட உரிமக் கட்டணம் 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, அரசின் பொது வருவாயிலிருந்து நிதி வழங்கும் முறை வந்தது. விளம்பர வருவாயும் உண்டு. ஆயினும் விளம்பரங்கள் நிகழ்ச்சிகளுக்கு இடையே வருமேயன்றி நிகழ்ச்சியை நடுவே அறுப்பதில்லை.

சிறுபான்மைச் சமயத்தாரும் இவ்வமைப்பில் இடம்பெற்றமை ஈண்டு நினைக்கத்தக்கது. 1980களில் இஸ்லாமியர்க்கும் 1993இல் இந்துக்களுக்கும் தனித்தனி ஒலிபரப்பு அமைப்புகள் உருவாயின. சட்டத்தில் செய்யப்பட்ட மாற்றத்தால் 2016 முதல் இத்தகைய சிறு சமய அமைப்புகள் தனி நேரமும் நிதியும் பெறும் முறை முடிவுற்றது.

நாம் ஆராயும் நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவற்றை உருவாக்கியது மேற்கூறிய வி.பி.ஆர்.ஓ. சங்கமாகும். சமயச் சங்கமாகப் பிறந்த இது, 1960களில் தன் போக்கை மாற்றிக்கொண்டு கலை, இலக்கியம், அறிவியல், ஆவணப்படம் ஆகியவற்றின் களமாயிற்று. அட்ரியான் வான் டிஸ் என்னும் எழுத்தாளர் 1983 முதல் 1992 வரை இச்சங்கத்துக்காக நடத்திய நூல்சார் உரையாடல் நிகழ்ச்சி, எழுத்தாளரைக் காண மக்கள் தொலைக்காட்சியின் முன் அமரும் வழக்கத்தை வளர்த்தது. இச்சங்கத்தின் வானொலியிலோ ஒரே மனிதரோடு பல மணி நேரம் இடையறாது உரையாடும் 'மாரத்தான் நேர்காணல்' நிகழ்ந்தது. நேரத்தை அஞ்சாத ஒரு மரபு இவ்வாறு உருவாயிற்று.

3. 'கோடை விருந்தினர்'

அம்மரபின் முதன்மையான விளைவு 1988இல் தொடங்கப்பெற்ற 'ஸோமர்காஸ்தன்' என்னும் நிகழ்ச்சி. 'கோடை விருந்தினர்' என்பது அதன் பொருள். கோடையில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், சற்றேறக்குறைய மூன்று மணி நேரம் இது நேரலையாக ஒளிபரப்பாகிறது. முதன்முதல் நடத்தியவர் பீட்டர் வான் இங்கன். பின்னர் எழுத்தாளர், இதழாளர், நகைச்சுவைக் கலைஞர் எனப் பலர் மாறி மாறி நடத்தியுள்ளனர்.

இதன் அமைப்பு மிக எளியது. ஒரு மாலைக்கு ஒரே ஒரு விருந்தினர். அவர் எழுத்தாளராக இருக்கலாம்; அறிவியலாளர், அரசியலாளர், மருத்துவர், நடிகர் என எவராகவும் இருக்கலாம். தாம் காண விரும்பும் குறைவற்ற தொலைக்காட்சி மாலை ஒன்றைத் தாமே தொகுத்துத் தருமாறு அவர் வேண்டப்படுகிறார். பழைய செய்திப்படம், திரைப்படக் காட்சி, ஆவணப்படத் துணுக்கு, இசை நிகழ்ச்சி, குழந்தைகளுக்கான படம் என அவர் தெரிவு செய்த பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. ஒவ்வொன்றுக்குப் பின்னும் உரையாடல் தொடர்கிறது. உரையாடல் முடிந்தபின், விருந்தினர் தெரிந்தெடுத்த முழுத் திரைப்படம் ஒன்றும் ஒளிபரப்பாகிறது.

இவ்வமைப்பின் நுட்பம் யாது? பொதுவாக நேர்காணலில் கேட்பவர் கையில் வினாப்பட்டியல் இருக்கும். விடை கூறுபவர் தற்காப்பு நிலையில் இருப்பார். இங்கோ மாலையின் வழித்தடத்தை வகுப்பவரே விருந்தினர்தாம். தம்மைப் பற்றி நேரே பேசக் கூசுபவரும் தாம் விரும்பிய ஒரு காட்சியைப் பற்றித் தயங்காது பேசுவர். அக்காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே தம் தந்தையைப் பற்றியும், இளமை வறுமையைப் பற்றியும், செய்த பிழையைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவர். சங்க அகப்பாடலில் தலைவி தன் துயரை நேரே கூறாது குருகையும் கடலையும் காட்டிக் கூறும் முறையினை நாம் அறிவோம். ஏறத்தாழ அதே உளநெறி இங்கும் தொழிற்படுகிறது எனலாம்.

நிகழ்ச்சி நேரலையாதலின், வெட்டி ஒட்ட வழியில்லை. சொல் தடுமாறினால் தடுமாற்றமும் ஒளிபரப்பாகும். உரையாடல் தளர்ந்தால் தளர்ச்சியும் ஒளிபரப்பாகும். மறுநாள் செய்தித்தாள்கள் விருந்தினரை மட்டுமன்றி, நடத்துநர் எவ்வளவு நன்றாகக் கேட்டார் என்பதையும் எடைபோடுகின்றன. கேட்டலையும் ஒரு கலையாக மதித்துத் திறனாய்வு செய்யும் வழக்கம் இது. நம்மிடையே சொற்பொழிவாளரைத் திறனாய்வதுண்டு, கேட்போரைத் திறனாய்வதில்லை.

4. ஒரு நகரத் தலைவரின் கடைசிக் கோடை

இந்நிகழ்ச்சியின் வலிமையை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டுப் போதும். எபர்ஹார்ட் வான் டெர் லான் என்பவர் வழக்கறிஞராக இருந்து அரசியலுக்கு வந்தவர், தொழிற்கட்சியைச் சேர்ந்தவர், அமைச்சராகவும் பணியாற்றியவர். 2010 முதல் ஆம்ஸ்டர்டாம் மாநகரின் தலைவராக விளங்கினார். 2017ஆம் ஆண்டு சனவரியில், தமக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பதை அவர் நகர மக்களுக்கு அறிவித்தார். அவ்வாண்டு சூலைத் திங்களில் 'கோடை விருந்தினர்' நிகழ்ச்சியில் அவர் வந்து அமர்ந்தார். அவ்வாண்டுதான் நடத்துநர் பொறுப்பேற்றிருந்த யானீன் ஆபிரிங் என்னும் பெண்மணி எதிரே அமர்ந்திருந்தார்.

அந்நிலையைச் சற்றே கற்பனை செய்து பார்த்தல் வேண்டும். எதிரே இருப்பவர் விரைவில் இறக்கப்போகிறவர். அவர் அதனை அறிவார், கேட்பவரும் அறிவார், காணும் மக்கள் அனைவரும் அறிவர். இந்நிலையில் கேள்வி எத்துணைக் கடினமாகிவிடுகிறது! இரக்கம் மிகுந்தால் உரையாடல் ஒப்பாரியாகிவிடும். இரக்கம் குறைந்தால் விசாரணையாகிவிடும். நோயைப் பற்றிக் கேட்காது விட்டால் பொய்ம்மையாகும். அதையே கேட்டுக்கொண்டிருந்தால் அம்மனிதரின் அறுபது ஆண்டு வாழ்வை ஒரு நோய்க்குள் அடக்கியதாகும். அன்றைய உரையாடல் இவ்விரு பள்ளங்களிலும் வீழாமல் நடந்தது. நகர ஆட்சி, குடும்பம், இளமை, சாவு என அனைத்தும் அதனதன் இடத்தில் வந்தன. சோர்வுற்ற உடலும் குன்றாத நகைச்சுவையும் ஒருங்கே வெளிப்பட்டன.

செப்டம்பரில் அவர் பதவிப் பணிகளிலிருந்து விலகினார். நகரையும் ஒருவரையொருவரும் பேணி வாழுமாறு வேண்டி மக்களுக்கு மடல் எழுதினார். அம்மடலைக் கண்ட மக்கள் அவர் இல்லத்தின் முன் திரண்டு கைதட்டித் தம் நன்றியைத் தெரிவித்தனர். அக்டோபர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். அவர்தம் ஆட்சியைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால், ஒரு பொதுமனிதர் இறப்பதற்கு முன் மூன்று மணி நேரம் இடையறாது கேட்கப்பட்டார் என்பது அந்நகரத்தார்க்குக் கிடைத்த பேறு. நினைவுக் கூட்டங்களில் நாம் ஆற்றும் புகழுரைகளை உரியவர் கேட்பதில்லை. அவர் இருக்கும்போதே அவர் சொல்வதை நாம் கேட்டிருந்தால் அப்புகழுரைகளின் தேவையே பாதியாகக் குறைந்திருக்கும்.

5. வீம் கைசரின் தொடர்கள்

அதே வி.பி.ஆர்.ஓ. சங்கத்தில் பணியாற்றிய வீம் கைசர் என்னும் இதழாளர் வேறொரு வழியில் சென்றார். அவர் மேற்கொண்டது நேரலை அன்று. நாடு நாடாகச் சென்று, ஒரே பொருளைப் பலரிடம் வினவித் தொகுத்தலாகும். 1989இல் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் துயரை மையமாகக் கொண்டு ஜார்ஜ் ஸ்டைனர், காபிரியேல் கார்சியா மார்க்வெஸ், ஜியார்ஜி கொன்ராட், ஹோர்ஹே செம்ப்ரூன் ஆகிய நால்வரோடு அவர் உரையாடிய தொடர் வந்தது.

1993இல் வந்த தொடரின் தலைப்பினை 'ஒளிமிக்கதோர் தற்செயல்' எனத் தமிழாக்கலாம். மனித உணர்வும் அறிவும் எவ்வாறு தோன்றின, உலகைப் பற்றி நாம் உண்மையில் யாது அறிவோம் என்பன அதன் பொருள். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், தொல்லுயிரியலார் ஸ்டீபன் ஜே கூல்டு, மெய்யியலார் டேனியல் டென்னெட், இயற்பியலார் ஃப்ரீமன் டைசன், உயிரியலார் ரூபர்ட் ஷெல்ட்ரேக், அறிவியல் மெய்யியலார் ஸ்டீபன் டூல்மின் ஆகிய அறுவரையும் முதலில் தனித்தனியே கண்டு உரையாடினார். இறுதியில் அறுவரையும் ஒரே மேசையைச் சுற்றி அமரவைத்துப் பேசச் செய்தார். இவர்களுள் ஷெல்ட்ரேக்கின் கொள்கையை அறிவியலார் பெரும்பாலோர் ஏற்பதில்லை. எனினும் அவரும் அம்மேசையில் இடம்பெற்றார், மறுக்கவும்பட்டார். அழைத்துவைத்து மறுப்பதற்கும் அழையாமலே இகழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர்தல் நன்று. அவையில் எதிர்த்தரப்பையும் முழுமையாக எடுத்துரைத்த பின்னரே மறுக்கும் நம் உரையாசிரியர் மரபும் இதுவே அன்றோ!

2000ஆம் ஆண்டில் 'அழகும் ஆறுதலும் பற்றி' என்னும் தொடர் ஒளிபரப்பாயிற்று. இருபதுக்கும் மேற்பட்டோரிடம் கைசர் வைத்த வேண்டுகோள் ஒன்றே: இவ்வாழ்வை வாழத்தக்கதாக்குவது எது, அழகும் ஆறுதலும் உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கின்றன எனச் சொல்லுங்கள். வயலின் மேதை யெஹூதி மெனுயின், விலங்கியலார் ஜேன் குடால், நைஜீரிய எழுத்தாளர் வோலே சொயிங்கா, இயற்பியலார் ஸ்டீவன் வைன்பெர்க், மெய்யியலார் மார்த்தா நுஸ்பாம், டச்சு ஓவியர் காரல் அப்பெல், டச்சுக் கவிஞர் ருட்கர் கோப்லாண்ட் முதலியோர் விடை கூறினர். மெனுயின் 1999 மார்ச்சில் மறைந்துவிட்டார். அத்தொடர் ஒளிபரப்பானபோது மக்கள் கேட்டது மறைந்த ஒருவரின் குரலை.

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜே.எம். கூட்ஸியும் இத்தொடரில் இடம்பெற்றார். 2003இல் நோபல் பரிசு பெற்ற இவர் நேர்காணல்களைப் பெரிதும் தவிர்ப்பவர் என அறியப்பட்டவர். வினா எழுந்தபின் அவர் நெடுநேரம் தயங்குகிறார். படக்கருவி திரும்புவதில்லை, கைசரும் அவசரப்படுத்துவதில்லை. காண்பவர்க்கே முதலில் ஒரு பதற்றம் உண்டாகிறது. பின்னர், அம்மனிதர் சிந்திப்பதையே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்னும் உணர்வு பிறக்கிறது.

மற்றொன்றும் சுட்டத்தக்கது. டச்சுத் தொலைக்காட்சியில் வேற்று மொழியில் பேசுவோர் மீது டச்சுக் குரலை ஏற்றுவதில்லை. அவர்தம் மொழியிலேயே பேச, கீழே மொழிபெயர்ப்பு வரிகளாக ஓடும். பொருளை வரியில் படித்துக்கொண்டே குரலின் நடுக்கத்தையும் தயக்கத்தையும் செவியால் உணர முடிகிறது. ஒருவர் கூறும் செய்தியில் பாதி அவர் குரலில் உள்ளது என்பதை அறிந்தவர் செய்த ஏற்பாடு இது.

6. கேட்பவரின் ஒழுக்கம்

இந்நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து காணும்போது, நல்ல கேட்பவரிடம் நான்கு இயல்புகள் பொதுவாக அமைந்திருத்தலைக் காணலாம்.

முதலாவது முன்னறிவு. விருந்தினரின் நூல்களையும் பணிகளையும் முன்பே முழுமையாகப் பயின்று வருதல். ஆயினும் அவ்வறிவை அவையில் காட்டிக்கொள்ளாமை. அறிந்ததை மறைத்தற்கன்று, எதிரில் இருப்பவர் தம் சொல்லால் கூறுவதற்கு இடம் விடுதற்கு.

இரண்டாவது வினாவின் சுருக்கம். நம் மேடைகளில் வினா எழுப்புவோர் தாமே ஒரு சிற்றுரை ஆற்றி, இறுதியில் "இதைப் பற்றித் தங்கள் கருத்து என்ன?" என முடிப்பதைக் காண்கிறோம். அங்கோ "ஏன்?", "பிறகு?", "அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்னும் அளவிலேயே பெரும்பாலான வினாக்கள் அமைகின்றன.

மூன்றாவது, விடையிலிருந்து அடுத்த வினாவைப் பிறப்பித்தல். கையில் பட்டியல் இருந்தாலும் அதனைக் கைவிடும் துணிவு அவர்க்கு உண்டு. முன் விடையில் விழுந்த ஒரு சிறு சொல்லைப் பிடித்துக்கொண்டு புதுவழி செல்கின்றனர். கேளாதவரால் இது இயலாது. நல்ல வினா செவியிலிருந்தே பிறக்கிறது. வாய் அதனை வெளியிடும் வாயில் மட்டுமே. 'கேள்வி' என்னும் நம் சொல்லின் இருபொருளும் ஒன்றுபடும் இடம் இதுதான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

நான்காவது மௌனத்தைப் பொறுத்தல். இதனை எழுதும்போது என் பிழையொன்றை மறைக்காது கூறுதல் கடமையாகிறது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக நான் எங்கள் பகுதி முஸ்லிம் பெண்களின் தாலாட்டுகளையும் மணவீட்டுப் பாடல்களையும் தொகுத்தேன். என் தாயின் தாயார், நாங்கள் உம்மம்மா என அழைத்தவர், அப்பாடல்களை நிறைய அறிந்தவர். ஒலிப்பதிவுக் கருவியோடும் முப்பது வினாக்களடங்கிய தாளோடும் ஒரு பிற்பகல் அவர்முன் அமர்ந்தேன். நெறியாளரிடம் இயலை ஒப்படைக்கவேண்டிய நாள் நெருங்கியிருந்தது. கப்பலுக்குச் சென்ற கணவனை எண்ணிப் பாடும் தாலாட்டு ஒன்றின் நடுவே அவர் நின்றுவிட்டார். "கொஞ்சம் பொறு வாப்பா, ஞாபகம் வருது" என்றார். நான் பொறுக்கவில்லை. "சரி, அதைப் பிறகு பார்ப்போம், மருதாணிப் பாட்டுத் தெரியுமா?" என அடுத்த வினாவுக்குச் சென்றேன். அந்தப் பிறகு வரவேயில்லை. என் பட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவ்வொலிநாடா இன்றும் என்னிடம் உள்ளது. அதனைக் கேட்கும்போதெல்லாம் அவர் குரலைவிட என் குரலே மிகுதியாக ஒலிக்கிறது. அத்தாலாட்டின் எஞ்சிய அடிகளை அறிந்தவர் எவரும் இப்போது எங்கள் தெருவில் இல்லை.

கூட்ஸியின் மௌனத்தின்முன் கைசர் காத்திருந்ததைக் கண்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த ஒலிநாடாவே. உலகப் புகழ்பெற்ற எழுத்தாளருக்கு ஓர் இதழாளர் அளித்த பொறுமையை, என்னை வளர்த்த மூதாட்டிக்கு நான் அளிக்கவில்லை.

7. இல்லாதவரின் இருக்கை

எந்த வடிவத்தையும் புகழ்வதோடு நிறுத்துதல் ஆய்வுநெறியாகாது. நெடு நேர்காணலுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதனையும் 'கோடை விருந்தினர்' நிகழ்ச்சியே காட்டியது.

2004 ஆகஸ்டு 29ஆம் நாள் அந்நிகழ்ச்சியின் விருந்தினராக வந்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் அயான் ஹிர்ஸி அலி. அவர் எழுத, தியோ வான் கோ இயக்கிய 'ஸப்மிஷன்' என்னும் குறும்படம் அன்று காட்டப்பட்டது. முஸ்லிம் குடும்பங்களில் பெண்கள்மீது இழைக்கப்படும் வன்முறையைக் கண்டிப்பதே நோக்கம் என அவர்கள் கூறினர். பெண்ணுடலின்மீது திருமறை வசனங்களை எழுதிக் காட்டிய அப்படம் முஸ்லிம்களின் உள்ளத்தைப் புண்படுத்தியது. நவம்பர் 2ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் தெருவில் வான் கோ தீவிரவாதக் கருத்துடைய ஓர் இளைஞனால் கொல்லப்பட்டார். கொலையாளிக்கு 2005இல் வாழ்நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கொலையை அடுத்த நாள்களில் அந்நாட்டில் பள்ளிவாசல்களும் இஸ்லாமியப் பள்ளியொன்றும் தாக்குதலுக்கு உள்ளாயின.

இங்கு இரண்டு உண்மைகளை ஒருங்கே கூறுதல் வேண்டும். மனம் புண்பட்டது என்பது ஓர் உயிரைப் பறித்தற்கு எவ்வகையிலும் நியாயமாகாது, அக்கொலை பெருங்குற்றம். குடும்பத்துள் துன்புறும் பெண்ணின் முறையீடும் புறக்கணிக்கத்தக்கதன்று. அதனை முதலில் கேட்கவேண்டியவர் அச்சமுதாயத்தாரே. இது முதல் உண்மை. இரண்டாவது, இருக்கையில் அமர்ந்தவருக்கு மூன்று மணி நேரம் உண்டு; அவரால் பேசப்படுவோர்க்கு அம்மேடையில் அன்று ஒரு மணித்துளியும் இல்லை. ஒருவரை ஆழமாகக் கேட்பதென்பது, அவ்வேளையில் மற்றவரைக் கேளாதிருத்தலும் ஆகும். இக்குறை ஒரு நடத்துநரின் திறமையால் தீராது. ஒரு மாலையில் ஒருவர் அமர்ந்தால், மற்றொரு மாலையில் அவரால் பேசப்பட்டவர் அமர்தல் வேண்டும். நாற்காலி ஒன்றாக இருக்கலாம். அதில் அமர்வோர் ஒரே திசையிலிருந்து வருவோராக இருத்தல் கூடாது. பலவகை மக்களுக்கும் நேரம் பகிர்ந்த பழைய 'தூண்' முறையின் அறம் இங்கேதான் நினைவுக்கு வருகிறது.

அதனோடு, நீளமே சிறப்பாகிவிடாது என்பதும் உணரத்தக்கது. மூன்று மணி நேரமும் தம் பெருமையையே பேசும் விருந்தினரும், அதனை மெச்சியே பொழுதைக் கழிக்கும் நடத்துநரும் அமைந்துவிட்டால், அந்நீளம் காண்பவர்க்குத் தண்டனையே ஆகும். நேரம் என்பது வாய்ப்பு மட்டுமே.

8. முடிவுரை

கேள்வியால் அறிவு வளர்த்தல் நமக்குப் புதியதன்று. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவது, வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய 'ஆயிர மசலா'. 'மசலா' என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்பது பொருள். அப்துல்லாஹ் இப்னு ஸலாம் என்னும் யூத அறிஞர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆயிரம் வினாக்களை எழுப்பி விடை பெறுவதாக அந்நூல் அமைகிறது. வேற்றுச் சமயத்தார் ஒருவர் அஞ்சாது வினவுகிறார். விடை கூறுபவர் ஓரிடத்தும் சினவாது கேட்கிறார். ஆயிரம் வினாவுக்கும் இடங்கொடுத்த அந்தப் பொறுமையிலிருந்தே நம் இலக்கிய மரபு தொடங்குகிறது. இதே ஆயிரம் வினாக் கதை மலாய் மொழியிலும் வழங்கிற்று. அம்மலாய் நூலை ஆராய்ந்து 1924இல் லைடன் நகரில் டச்சு மொழியில் ஆய்வேடு வெளியிட்டவர் பெய்பர் என்னும் டச்சு அறிஞர். நாம் மறந்திருந்த உறவொன்று இவ்வழியே அந்நாட்டோடு நமக்கு உண்டு.

எனவே, டச்சுத் தொலைக்காட்சியைப் போன்றதொரு நிகழ்ச்சி நமக்கும் வேண்டும் எனக் கேட்டு இக்கட்டுரையை முடிக்க நான் விரும்பவில்லை. நிலையமும் நிதியும் நம் கையில் இல்லை. ஆனால், ஒரு முதியவரும், ஒரு பதிவுக் கருவியும், மூன்று மணி நேரமும் நம் ஒவ்வொருவர் கைக்கும் எட்டுவன. இன்று மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. எங்கள் துறையின் இறுதியாண்டு மாணவர்க்கு ஒப்படைப்பாக நான் இதனையே தந்து வருகிறேன். தம் குடும்பத்திலோ தெருவிலோ உள்ள மூத்தவர் ஒருவரைத் தெரிந்தெடுத்தல். அவர் விரும்பும் பொருள்கள் ஐந்தினை அவரையே எடுத்துவரச் செய்தல். அது ஒரு பழைய மடலாகலாம், நிழற்படமாகலாம், வெற்றிலைப் பெட்டியாகலாம், தறியின் நாடாவாகலாம். அவற்றைப் பற்றி அவர் பேசப் பேசக் கேட்டல். வினாப்பட்டியல் எடுத்துச் செல்லுதல் கூடாது. அவர் நிறுத்தினால் நாமும் நிறுத்துதல் வேண்டும்.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் வந்து கேட்கும்போது "எனக்கென்ன தெரியும்" எனக் கூறி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் தயக்கமும் எங்களுக்குச் செய்தியே.

சென்ற ஆண்டு ஒப்படைப்பு வழங்கியபோது ஒரு மாணவி, "ஐயா, அவர்கள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டால் நாங்கள் என்ன செய்வது?" என வினவினார். பதிவை நிறுத்தாமல் இருங்கள் என்றேன். என் உம்மம்மாவுக்கு நான் கூறியிருக்கவேண்டிய விடையும் அதுவே.